ஒலி அட்டையும் பாடபேதமும்

ஒரு செய்யுள் இரண்டு ஏடுகளில் இரண்டு விதமாகக் கிடைத்தால், பதிப்பாசிரியர் ஒன்றை மூலபாடமாகக் கொண்டு மற்றதை அடிக்குறிப்பில் தருவார். கணினி விளையாட்டுகளின் வரலாற்றில் இதற்கு இணையான பணியைப் பெரும்பாலும் கல்விப்புலத்துக்கு வெளியே உள்ளவர்களே செய்துவருகிறார்கள். பழைய மதர்போர்டுகளையும் ஒலி அட்டைகளையும் குழாய்த்திரைகளையும் தேடிச் சேர்த்து, 1990களின் கணினி ஒன்றை மீண்டும் கட்டியெழுப்பும் பொழுதுபோக்காளர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பை இளமைக்கால ஏக்கம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எந்தச் சில்லு, எந்த ஆண்டு, எந்தப் பதிப்பு என்று அவர்கள் நடத்தும் விவாதங்களைக் கவனித்தால், அங்கே நடப்பது மூலபாட ஆராய்ச்சியே என்பது விளங்கும்.

ஒலியிலிருந்து தொடங்குவது பொருத்தம்; பாடபேதம் மிகுந்த இடம் அதுதான். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் வெளியிட்ட தனிநபர் கணினி அலுவலகத்துக்கானது. அதன் உள்ளே இருந்த சிறிய ஒலிபெருக்கியை ஒரு நேரக்கணிப்புச் சில்லு இயக்கியது. ஒரு நேரத்தில் ஒரு சதுர அலையை எழுப்புவதே அதற்கு இயல்பு. எச்சரிக்கை மணிக்கு அது போதும், இசைக்குப் போதாது. 1988இல் சியரா நிறுவனத்தின் 'கிங்ஸ் குவெஸ்ட் 4' ஒலி அட்டைகளுக்கென்றே எழுதப்பட்ட இசையோடு வந்தபோதுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

அந்த மாற்றத்தின் வேர் வேறிடத்தில் இருந்தது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் அசைத்துச் செறிவான ஒலி நிறங்களைப் பெறலாம் என்பதை 1967இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்தார். அதன் உரிமையைப் பெற்ற யமஹா, 1983இல் டிஎக்ஸ்7 என்ற இசைக்கருவியை வெளியிட்டது. மலிவான சில்லுகளிலும் அதே முறையைப் புகுத்தியது. அவற்றுள் ஒன்றான ஒய்எம்3812, ஒன்பது குரல்களை ஒருசேர எழுப்ப வல்லது. கனடாவின் கியூபெக் நகரில், இசைப் பேராசிரியராக இருந்த மார்ட்டின் பிரேவெல் நிறுவிய ஆட்லிப் நிறுவனம் 1987இல் இந்தச் சில்லை ஒரு விரிவாக்க அட்டையில் பொருத்தி விற்றது. போட்டியாளர் அறியாதிருக்கச் சில்லின் மேலிருந்த பெயரை அந்நிறுவனம் அழித்துவிட்டது என்பர். அழித்த பெயரைக் கண்டுபிடிப்பது அரிதாக இருக்கவில்லை. சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் அதே சில்லோடு பதிவுசெய்த ஒலியை வாசிக்கும் வசதியையும், ஜாய்ஸ்டிக் செருகும் வாயையும் சேர்த்து 1989இல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. 1992இல் ஆட்லிப் திவாலானது.

ஆட்லிப் மறைந்தாலும் அதன் மொழி மறையவில்லை. பதினாறடிமான எண்ணில் 388 எனக் குறிக்கப்படும் துறைமுகவரிக்கு எண்களை எழுதினால் இசை பிறக்கும் என்ற வழக்கத்தைப் பின்வந்த பல அட்டைகளும் ஏற்றுக்கொண்டன. ஒரு வட்டாரத்தார் கலைந்துபோன பின்னும் அவர்கள் பேச்சு பொதுமொழியாக நிலைத்துவிடுவதைப் போன்றது இது.

இதே காலத்தில் வசதி படைத்தோருக்கு வேறொரு பாடம் இருந்தது. 1987இல் வெளிவந்த ரோலண்ட் எம்டி-32, அமெரிக்காவில் 500 டாலருக்கு மேல் விலையுள்ள தனிப்பெட்டி. சியராவின் இசையமைப்பாளர்கள் முதலில் இதற்காகவே எழுதினார்கள். ஆட்லிப் வடிவம் பெரும்பாலும் அதன் சுருக்கம். அந்தப் பெட்டியின் முகப்பில் இருபது எழுத்துகள் கொள்ளும் சிறு திரை உண்டு. சில விளையாட்டுகள் அதில் ஒரு வாழ்த்தையோ வேடிக்கை வரியையோ காட்டும்படி கட்டளை அனுப்பின. கருவி இல்லாதவர் அந்த வரியைக் கண்டிருக்கவே முடியாது. ஏட்டின் ஓரத்தில் எழுதியவர் விட்டுச்சென்ற குறிப்பு அச்சில் ஏறாமல் போவதை ஒத்தது இது.

1993 டிசம்பரில் வந்த 'டூம்' இந்தப் பேதத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. அதன் இசைக்கோப்பில் இருப்பது ஒலி அன்று; எந்தக் கருவி, எந்தச் சுரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டுமே. ரோலண்டின் சவுண்ட் கேன்வாஸ் வரிசைப் பெட்டி அதை வாசித்தால் மின்கிதாரும் முரசும் ஓரளவு மெய்யாகவே கேட்கும். யமஹா சில்லு வாசித்தால், விளையாட்டின் கோப்புக்குள்ளேயே பொதிந்த கருவிப் பட்டியல் ஒன்றின்படி உலோகக் கரகரப்போடு கேட்கும். குரல்கள் ஒன்பதைத் தாண்டும்போது சில சுரங்கள் உதிரும். படைத்தவர் கருதியது முதலாவது என்று கொள்ள இடமுண்டு. வாங்கியவர்களில் மிகப்பலர் கேட்டது இரண்டாவது. மூலபாடம் எது? ஆசிரியன் கருத்தா, வாசகன் கைக்குச் சேர்ந்த வடிவமா என்ற பழைய வழக்கு இங்கே ஒரு சில்லின் வடிவில் திரும்பி வருகிறது. பழங்கணினி கட்டுவோர் இதற்குத் தரும் விடை நடைமுறை சார்ந்தது: இரண்டையும் ஒரே பெட்டியில் பொருத்தி, மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்.

அப்படிப் பொருத்துவதற்கு ஐஎஸ்ஏ என்ற பழைய செருகுவாய் வேண்டும். டாஸ் காலத்து விளையாட்டுகள் இயங்குதளத்தின் இடையீடின்றி அட்டையோடு நேரடியாகப் பேசின. பின்வந்த பிசிஐ அட்டைகளில் துறைமுகவரிகளைப் போலச்செய்ய முடிந்தாலும், பதிவுசெய்த ஒலிக்குத் தேவையான பழைய நினைவகப் பரிமாற்ற முறை இல்லை. அதனால் பல விளையாட்டுகள் அரைகுறையாகப் பேசும், அல்லது ஊமையாகிவிடும். இன்டெலின் 440பிஎக்ஸ் சில்லுத்தொகுதியைக் கொண்ட 1998ஆம் ஆண்டின் மதர்போர்டுகள் இன்றும் தேடப்படுவது இதனால்தான். ஐஎஸ்ஏ, பிசிஐ, ஏஜிபி ஆகிய மூன்று தலைமுறைச் செருகுவாய்களும் அவற்றில் அருகருகே இருந்தன.

வேகமும் ஒரு பாடபேதமே. 1990இல் வந்த 'விங் கமாண்டர்' அக்காலப் பிராசஸர்களின் தாமதத்தை நம்பி எழுதப்பட்டது. பின்னாளைய கணினியில் விண்கலங்கள் கண்ணுக்கு எட்டாத விரைவில் பாய்கின்றன. டர்போ பாஸ்கலில் எழுதிய நிரல்கள் பல, தொடக்கத்தில் கணினியின் வேகத்தை அளந்து வகுக்கும்போது விடை பெட்டிக்குள் அடங்காமல், 200 என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றுவிடும். எனவே பழங்கணினி கட்டுவோர் பென்டியத்தின் உள் தற்காலிக நினைவகத்தை அணைத்து அதை ஏறத்தாழ ஒரு 386ஆக மந்தப்படுத்துகிறார்கள். வேகத்தைக் குறைக்க இவ்வளவு பாடுபடுவது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்.

காட்சிக்கு வந்தால் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தைத் தவிர்க்க இயலாது. 1996இல் வெளிவந்த அதன் வூடூ அட்டை முப்பரிமாணக் காட்சியை மட்டுமே வரையும். இருபரிமாணத்துக்கு வேறோர் அட்டை வேண்டும், இரண்டையும் வெளியே ஒரு கம்பி இணைக்கும். கிளைட் என்ற தனிமொழியில்தான் அதனோடு முழுமையாகப் பேச முடியும். 2000 டிசம்பரில் அந்நிறுவனத்தின் உடைமைகள் என்விடியா கைக்குப் போனபின் கிளைட் பேசுவோர் அருகினர். 'குவேக்' விளையாட்டின் இரு வடிவங்கள் இங்கு நல்ல சான்று. 1996இன் மூல வடிவம் பிராசஸராலேயே வரையப்பட்டது. சுவர்கள் சொரசொரப்பானவை, ஒளிபட்ட இடங்கள் மிகையாகச் சுடர்ந்தன. 1997இல் வந்த ஜிஎல்குவேக் வடிவத்தில் சுவர்கள் வழவழப்பாயின. அந்த மிகையொளி மறைந்தது. திருத்திய பதிப்பு அழகாக இருந்தது; மூலத்தின் ஒரு நுட்பத்தை அது இழந்திருந்தது. நம் பதிப்பு வரலாறு அறிந்தோருக்கு இந்த அனுபவம் புதிதன்று.

இத்தனை பாடு எதற்கு, போலச்செய்யும் மென்பொருள் போதாதா என்ற கேள்வி நியாயமானது. 2002இல் முதலில் வெளியான டாஸ்பாக்ஸ் பெரும்பான்மையோர் தேவையை நிறைவேற்றிவிட்டது. யமஹா சில்லுகளின் உட்பரப்பைப் படமெடுத்து, அதன் மின்சுற்றைப் படித்து எழுதிய மென்பொருள்களும் வந்துவிட்டன. அவை எழுப்பும் ஒலியை மூலத்திலிருந்து பிரித்தறிவதாகச் சொல்லும் தூய்மைவாதிகளின் செவியை நம்புவது கடினம். எனினும் அந்த மென்பொருள் சரிதான் என்று எதைக்கொண்டு உறுதிசெய்வது? படியை ஒப்புநோக்க ஏடு வேண்டும். ஏடு அழிந்தபின் படியின் பிழை பிழையாகத் தெரியாது.

ஏடு அழிந்துகொண்டுதான் இருக்கிறது. 386, 486 காலத்து மதர்போர்டுகளில் பற்றவைத்த நிக்கல்-காட்மியம் மின்கலங்கள் கசிந்து செம்புத்தடங்களை அரிக்கின்றன. டல்லஸ் நிறுவனத்தின் கடிகாரச் சில்லு மின்கலத்தைத் தன் உடலுக்குள்ளேயே பிசினில் புதைத்து வைத்திருந்தது. மின்கலம் தீர்ந்தபின் அதைத் துளைத்துத் திறந்து, வெளியே ஒரு நாணய மின்கலத்தை இணைப்பது இத்துறையினரின் தொடக்கப் பாடம். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் பலகைகளில் தரங்கெட்ட மின்பகுபொருளால் மின்தேக்கிகள் உப்பி வெடித்தன. சுழலும் ஹார்டு டிஸ்கு இருந்த இடத்தில் இன்று கேமராவுக்கான காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை அமர்ந்திருக்கிறது. ஃபிளாப்பிக்குப் பதில் யுஎஸ்பி நினைவகத்தைப் படிக்கும் பெட்டி. இவற்றைக் கலப்படம் என்பாரும் உண்டு. இயந்திரம் இயங்குவதற்குத் தேவையானதும், இயங்கும்போது விளையாட்டின் நடத்தையை மாற்றாததுமான திருத்தம் ஏற்புடையது என்பதே நியாயமான அளவுகோல்.

இந்தியாவில் இந்தக் கேள்வி விளையாட்டோடு நிற்பதில்லை. கான்பூர் ஐஐடியில் தொடங்கி, 1988இல் நிறுவப்பட்ட சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டையும் கணினிக்குள் செருகும் விரிவாக்க அட்டையே. டாஸ் திரையில் தேவநாகரியும் தமிழும் வங்காளமும் தோன்ற அது வழிசெய்தது. அதன் பின்னிருந்த ஐஎஸ்சிஐஐ குறியீட்டை 1991இல் இந்தியத் தர நிறுவனம் தரமாக்கியது. இந்திய எழுத்துகளுக்கான யூனிகோடின் அடுக்குமுறையும் அதன் முந்தைய வடிவிலிருந்தே வந்தது. அக்குறியீட்டில் தமிழ்க் ககரத்துக்கும் தேவநாகரிக் ககரத்துக்கும் எண் ஒன்றே. எந்த வரிவடிவம் என்பது காட்சியின் பண்பு. எழுத்து என்றால் என்ன என்பது பற்றிய ஒரு மொழியியல் நிலைப்பாடு அந்த அட்டைக்குள் மின்சுற்றாக இருந்தது. அன்றைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஆனால் அன்று ஓர் எழுத்தர் விசையை அழுத்தியபோது திரையில் என்ன தோன்றியது, கூட்டெழுத்து எவ்வாறு உருவானது என்பதைக் காண, இயங்கும் அட்டையும் அதை ஏற்கும் கணினியும் வேண்டும்.

அத்தகைய கணினிகள் இங்கே பெரும்பாலும் அருங்காட்சியகத்துக்குப் போவதில்லை. தில்லியின் சீலம்பூரில் பிரிக்கப்பட்டு, மொராதாபாத் போன்ற ஊர்களில் எரித்தும் அமிலத்தில் கரைத்தும் உலோகமாக மாறுகின்றன. 1995இன் பென்டியம் புரோ பீங்கான் உறையில் தங்கம் கூடுதலாக உள்ளதால், இயங்குகிறதா என்று பார்க்காமலே எடைக்கு விலைபோகும். அந்த அமிலப் புகையில் உழைப்பவர்களிடம் பாடபேதம் பேசுவது பொருளற்றது. பலகையின் விலை அவர்களுக்கு அன்றைய கூலி. இருந்தும் அதே பழம்பொருள் வணிகத்தின் வேறொரு கிளையிலிருந்துதான், பழைய பலகைகளிலிருந்து பெயர்த்தெடுத்த ஒய்எம்3812 சில்லுகள் இன்று விற்பனைக்கு வருகின்றன. அவற்றை வாங்கி, புதிதாக அச்சிட்ட பலகைகளில் பற்றவைத்து, 1987இன் ஆட்லிப் அட்டையைச் சிலர் மறுபடியும் செய்கிறார்கள். இம்முறை சில்லின் மேல் யமஹாவின் பெயரை எவரும் அழிப்பதில்லை.