எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம்

கரும்பு அரவைக் காலத்தில் நாமக்கல்லிலிருந்து மோகனூர் செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்ததுண்டா? சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையை நோக்கி டிராக்டர்கள் ஊர்ந்து செல்வதைக் காணலாம். ஒவ்வொரு டிராக்டரின் பின்னும் கரும்பை உயர அடுக்கிய ஒரு பெட்டி. டிராக்டருக்கு எஞ்சின் உண்டு, ஸ்டியரிங் உண்டு, ஓட்டுநர் உண்டு. பின்னால் வரும் பெட்டிக்கு இவற்றில் ஒன்றுமே கிடையாது. சில சக்கரங்களும் ஒரு கொக்கியும்தான் அதன் சொத்து.

இப்போது ஒரு கேள்வி. அந்தப் பெட்டி மோட்டார் வாகனமா, இல்லையா?

"இல்லை" என்றுதான் நம்மில் பலரும் சொல்வோம். ஆனால் சட்டம் "ஆம்" என்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில் டிரெய்லரையும் சேர்த்தே கூறுகிறது. அதற்கு முன்பிருந்த 1939ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வாறே கூறியது. எஞ்சினே இல்லாத ஒன்றை மோட்டார் வாகனம் என்பானேன்? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

மாட்டு வண்டி தந்த பாடம்

லாரி வருவதற்கு முன் சேலம், நாமக்கல் சமவெளியில் சரக்குச் சுமந்தது மாட்டு வண்டியே. இழுப்பது ஒன்று, சுமப்பது மற்றொன்று என்ற வகையில் அதை டிரெய்லரின் பாட்டன் எனலாம். பாரம் ஏற்றும்போது வண்டிக்காரர் 'முன்பாரம்', 'பின்பாரம்' பார்ப்பார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும்.

டிராக்டருக்கும் இதே கணக்குத்தான். பின்னால் கொக்கியில் அளவுக்கு மீறிய பாரம் அழுந்தினால், டிராக்டரின் முன் சக்கரங்கள் தரைப் பிடிப்பை இழக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. பெட்டியில் பின்பாரம் மிகுந்தாலோ, ஓட்டத்தில் அது பக்கவாட்டில் ஆடத் தொடங்கும்.

இறக்கத்தில் இன்னொரு தொல்லை உண்டு. மேட்டில் மாடு வண்டியை இழுக்கிறது. பள்ளத்தில் வண்டி மாட்டைத் தள்ளுகிறது! ஆகவேதான் சக்கரத்தில் உரசி நிறுத்தும் மரக்கட்டையை வண்டிகளில் பொருத்தினார்கள். இழுக்கப்படும் வண்டிக்கும் தனியாகப் பிரேக் வேண்டும் என்ற கருத்து அந்தக் கட்டையிலேயே அடங்கியிருக்கிறது.

சிவப்புக் கொடியுடன் ஓர் ஆள்

மாட்டின் வேலையை நீராவி எஞ்சின் ஏற்றுக்கொண்டபோது அரசாங்கங்கள் தலையிட வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் 1865இல் ஒரு சட்டம் வந்தது. சாலையில் ஓடும் நீராவி எஞ்சினுக்கு மூன்று ஆட்கள் வேண்டும். அவர்களில் ஒருவர் சிவப்புக் கொடி ஏந்தி அறுபது கஜம் முன்னால் நடக்க வேண்டும். ஊருக்குள் மணிக்கு இரண்டு மைலுக்கு மேல் போகக்கூடாது என்றெல்லாம் அது விதித்தது. இந்தக் கொடியைப் பலரும் வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு.

அதே சட்டத்தில் இருந்த வேறொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. எஞ்சினுடன் இரண்டுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பூட்டினால், அவற்றைக் கவனித்துக்கொள்ள மேலும் ஓர் ஆள் வேண்டும் என்றது அது. முன்னால் இருக்கும் ஓட்டுநரால் பின்னால் வருவதை முழுமையாகப் பார்க்கவோ அடக்கவோ முடியாது என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

நம் சாலையும் நம் சட்டமும்

இந்தியாவில் மோட்டார் வாகனங்களுக்கான சட்டம் 1914இல் வந்தது. அதன் இடத்தை 1939ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தை 1988ஆம் ஆண்டுச் சட்டமும் எடுத்துக்கொண்டன. கடைசியாகச் சொன்னது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. வாகனச் சட்டம் இயற்றும் அதிகாரம் மத்திய, மாநில அரசுகள் இரண்டுக்கும் பொதுவானது. வாகன வரி மாநிலத்தின் கையில் உள்ளது. தமிழ்நாட்டில் அதற்கு 1974ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் மாறி வந்த காலத்திலேயே நம் வட்டாரமும் மாறியது. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊராயிற்று. சங்ககிரி லாரித் தொழிலில் வளர்ந்தது. சமையல் எரிவாயு ஏற்றும் டேங்கர்களின் உரிமையாளர்கள் பலர் நாமக்கல் வட்டாரத்தினர். 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது, சக்கரங்களை நம்பி வாழும் குடும்பங்கள் அங்கே ஏராளம்.

சட்டம் டிரெய்லரை இருவகையாகப் பிரிக்கிறது. மோட்டார் வாகனத்தால் இழுபட்டு வருவது டிரெய்லர். தன் உடலின் ஒரு பகுதியை முன்வண்டியின் மேல் சாய்த்து, எடையில் ஒரு பங்கை அதனிடம் ஒப்படைப்பது செமி டிரெய்லர். நெடுஞ்சாலையில் காணும் நீண்ட டிரெய்லர் லாரி இந்த இரண்டாம் வகை. நுகத்தில் பாரம் சாய்க்கும் மாட்டு வண்டி உங்கள் நினைவுக்கு வருகிறதா?

டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும் என்கிறது சட்டம். அதன் சொந்தப் பதிவு எண் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்புறத்தில் இழுக்கும் வண்டியின் எண் தெரிய வேண்டும். பல டிரெய்லர்கள் பூட்டியிருந்தால் கடைசி டிரெய்லரில் தெரிய வேண்டும். காரணம் எளிது. பின்னால் வருபவருக்கு டிராக்டரின் எண் பலகை தெரியாது. ஒருவரை இடித்துவிட்டுப் போனால் எந்த எண்ணைக் குறித்துக்கொள்வது?

பழுதான வண்டியைக் கட்டி இழுப்பதற்கும் 1989ஆம் ஆண்டுச் சாலை விதிகள் வரம்பு வகுத்தன. இரு வண்டிகளுக்கும் இடையே ஐந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. 24 என்ற எண் விந்தையாகத் தோன்றலாம். 15 மைலைக் கிலோமீட்டராக மாற்றிப் பாருங்கள்! 2017இல் இவற்றுக்குப் பதிலாகப் புதிய ஓட்டுநர் ஒழுங்குமுறைகள் வந்தன.

எடையின் கணக்கு

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு டிராக்டரின் எடை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். கரும்போடு சேர்த்துப் பெட்டியின் எடை 6 டன். பெட்டியில் பிரேக் இல்லை. டிராக்டரின் பிரேக், தனியாக வரும்போது அதை 5 மீட்டரில் நிறுத்தும் என்று கொள்வோம். இப்போது அதே பிரேக் விசை 8 டன்னை நிறுத்த வேண்டும். எடை நான்கு மடங்கு. ஆகவே நிற்கும் தூரமும் நான்கு மடங்கு, அதாவது 20 மீட்டர். குறுக்கே ஓடிய குழந்தை ஐந்தாவது மீட்டரில் நின்றிருந்தால்?

வளைவில் இது இன்னும் ஆபத்து. முன்வண்டி நிற்க முயலும்போது பின்வண்டி தள்ளுவதால், கொக்கி உள்ள இடத்தில் இரண்டும் முழங்கைபோல் மடங்கிக்கொள்ளும். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுபவர்கள், எஞ்சின் தரும் தடையை இழந்து பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள். சூடேறிய பிரேக் கைவிடும்.

சாலையும் எடையை உணர்கிறது. அமெரிக்காவில் 1950களின் இறுதியில் தொடங்கிய ஒரு பெரிய சோதனை, ஓர் அச்சின் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று காட்டிற்று. அதனால்தான் சட்டம் மொத்த எடையோடு நில்லாமல், ஒவ்வோர் அச்சின் பாரத்துக்கும் வரம்பு வைக்கிறது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பு 2018இல் 11.5 டன் ஆயிற்று.

ஆக, ஆபத்து எஞ்சினில் இல்லை. ஓடும் எடையில் இருக்கிறது. பெட்டியை மோட்டார் வாகனம் என்று சட்டம் அழைப்பதற்கு இதுவே பொருள்.

பெட்டியில் ஏறும் மனிதர்கள்

கோயில் திருவிழா, வளைகாப்பு, கூலி வேலை என்று டிராக்டர் பெட்டியில் ஊரே ஏறிச் செல்வதை நாம் அறிவோம். அந்தப் பெட்டி சரக்குக்காகச் செய்யப்பட்டது. அதில் இருக்கை இல்லை. பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை. கவிழ்ந்தால் அடியில் அகப்படுபவர்கள் பயணிகளே.

துயரம் அதோடு முடிவதில்லை. சரக்கு வாகனத்தில் கட்டணமின்றி ஏறிச் சென்றவர்களுக்கு இழப்பீடு தரும் கட்டாயப் பொறுப்பு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்தது. அப்படியானால் பொறுப்பு யார் தலையில் விழும்? டிராக்டர் உரிமையாளரான விவசாயியின் தலையில். ஒரே விபத்தில் இறந்தவர் குடும்பமும் நிர்க்கதியாகும். உதவி செய்ய வண்டி கொடுத்தவரின் நிலமும் போகும்.

ஓட்டுநர் உரிமத்தில் சட்டம் சற்று இளகியிருக்கிறது. 7,500 கிலோ வரம்புக்குள் அமையும் டிராக்டர், டிரெய்லரைப் பூட்டியதாலேயே இலகுரக வாகனம் என்ற நிலையை இழந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. இலகுரக உரிமம் பற்றிய அத்தீர்ப்பை ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024இல் உறுதி செய்தது. உரிமம் எளிதாகலாம், எடையின் கணக்கு எளிதாவதில்லை.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு டிராக்டர் பெட்டியைப் பார்க்கும்போது நான்கு காரியங்களைக் கவனியுங்கள். பின்புறம் எண் தெரிகிறதா? சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கிறதா? கொக்கியின் பின் கழன்றாலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சங்கிலி இருக்கிறதா? பெட்டிக்குப் பிரேக் உண்டா? இல்லையென்றால் அதன் உரிமையாளரிடம் சொல்லுங்கள். அவர் உங்கள் மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருக்கக்கூடும்.