டல்லாஸ் கொடுத்தது, சென்னை கொடுத்தது

2025 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. கோவையில் காலை ஆட்டத்தை முடித்துவிட்டுக் கூடைப்பந்துத் திடலின் ஓரத்தில் வேர்வையோடு உட்கார்ந்திருந்த பையன்கள், கைப்பேசியைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "அக்கவுண்ட்ட யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்பதுதான். டல்லாஸ் அணி லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆன்டனி டேவிஸை வாங்கிக்கொண்டது என்ற செய்தியை அவர்கள் நம்ப மறுத்தார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரையில் அப்போது நள்ளிரவு கடந்த நேரம். அங்கும் பலர் சொன்னது அதையேதான்.

அதே ஆண்டு நவம்பர் 15, சனிக்கிழமை. இந்த முறை இடம் ஒரு பேக்கரி; கோவையில் டீயும் பேச்சும் பேக்கரியில்தானே. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கு, சஞ்சு சாம்சன் சென்னைக்கு என்ற அறிவிப்பு வந்தபோது யாரும் ஹேக் என்று சொல்லவில்லை. ஒரு வாரமாகக் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு உறுதியாயிற்று, அவ்வளவுதான். முதல் செய்தி இடியாக இறங்கியது. இரண்டாவது, நாள்பட்ட நோயாளியின் வீட்டிலிருந்து வரும் அழைப்பைப் போல வந்தது. ஆனால் அதன்பின் எழுந்த வாதம் இரண்டு இடத்திலும் ஒன்றே: இந்த மாற்று நமக்குக் கட்டுப்படியாகுமா?

இரண்டு பேச்சிலும் நான் இருந்தேன். அன்று முதல் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை விடவில்லை. வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம் என்பது. டல்லாஸ் இளையவரைக் கொடுத்து மூத்தவரை வாங்கியது; சென்னை மூத்தவரைக் கொடுத்து இளையவரை வாங்கியது. டோன்சிச்சுக்கு அன்று வயது 25. ஜடேஜாவுக்கு 37 நிறைய மூன்று வாரமே பாக்கி. வியப்பு என்னவென்றால், உள்ளே வந்த இருவருக்கும் ஒரே வயது. டேவிஸுக்கும் 31, சாம்சனுக்கும் 31. அதே முப்பத்தொன்று அங்கே வயதாகிவிட்டதன் அடையாளமாகவும், இங்கே இளமையின் அடையாளமாகவும் வாதிடப்பட்டது.

டல்லாஸ் உச்சியில் நின்று இதைச் செய்தது. முந்தைய 2024 பருவத்தில்தான் இறுதிச் சுற்றுவரை போய் பாஸ்டனிடம் தோற்றிருந்தது. சென்னை பள்ளத்தில் நின்று செய்தது; 2025 ஐ.பி.எல்.லில் தன் வரலாற்றிலேயே முதன்முறையாகக் கடைசி இடம், பத்தாவது. ஒன்பதாவது இடத்தில் இருந்த ராஜஸ்தானோடுதான் மாற்றுப் பேசியது. அங்கே ரசிகரின் ஆற்றாமை, வாங்கியது குறைவு என்பது: டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-ஆம் ஆண்டின் ஒரே ஒரு முதல் சுற்றுத் தேர்வு, அதோடு சரி. இங்கே ஆற்றாமை, கொடுத்தது அதிகம் என்பது: ஒருவரை வாங்க இருவரா? பேக்கரியில் ஒரு தம்பி, "ஏனுங்ணா, எருமைய வாங்கறதுக்குப் பசுவையும் குடுத்து கன்னையும் சேத்தியா ஓட்டி உடுவாங்க?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல யாரும் முன்வரவில்லை.

காரணங்களும் எதிரெதிர்த் திசையில் ஓடின. டல்லாஸின் பொது மேலாளர் நிக்கோ ஹாரிசன், கோப்பையை வெல்வது தடுப்பாட்டம்தான் என்றார். புள்ளிகளைக் குவிப்பவரை விட்டுக் கூடையைக் காப்பவரைத் தேடினார். சென்னைக்கு வேண்டியது ஓட்டம். மேல்வரிசையில் அடிப்பவர் வேண்டும். அப்போது 44 வயதைத் தொட்டுவிட்ட தோனிக்குப் பிறகு கையுறை அணிய ஒருவர் வேண்டும். இந்தக் காரணம் காகிதத்தில் குற்றம் சொல்ல முடியாதது. ஹாரிசனின் காரணமும் காகிதத்தில் அப்படியொன்றும் பேதைமை இல்லை. டேவிஸ் தன் காலத்தின் தலைசிறந்த தடுப்பாளர்களில் ஒருவர் என்பதை டல்லாஸில் இந்த மாற்றை எதிர்த்துக் கொடி பிடித்தவர்களும் மறுக்கவில்லை.

வெளியேறிய இருவருக்கும் பணத்தில் நேர்ந்ததுதான் நான் எதிர்பாராத ஒற்றுமை. ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. டோன்சிச், டல்லாஸிலேயே இருந்திருந்தால் ஐந்தாண்டுக்குச் சுமார் 34.5 கோடி டாலர் ஒப்பந்தத்துக்குத் தகுதி பெற்றிருப்பார்; அணி மாறியதால் அந்தத் தகுதி போயிற்று. பிறகு லேக்கர்ஸோடு மூன்றாண்டுக்கு 16.5 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். இவ்வளவு பெரிய தொகைகளுக்கு நாம் இரக்கப்பட வேண்டியதில்லை என்று சிலர் சொல்வார்கள். தொகைக்கு நான் இரங்கவில்லை. இருவரும் கேட்காமலே தங்கள் மதிப்பு குறித்து ஒரு தீர்ப்பு எழுதப்பட்டதே, அது உறுத்துகிறது.

இனி இந்த ஒப்பீட்டின் மையத்துக்கு வருகிறேன். இரு ஊர் ரசிகர்களும் சொன்ன சொல் ஒன்றே: "நம்ம ஆளு." டல்லாஸில் ஒரே அணிக்கு 21 பருவம் ஆடிய டிர்க் நோவிட்ஸ்கியின் சிலை அரங்க வாசலில் நிற்கிறது, மாற்றுக்குப் பிறகு பூவும் சவப்பெட்டியுமாகக் கூட்டம் திரண்டது அதே வாசலில்தான். டோன்சிச் இன்னொரு நோவிட்ஸ்கியாக அங்கேயே ஆடி ஓய்வார் என்று நம்பியிருந்தார்கள். சென்னையில் அந்த இடத்தில் தோனி. 2023 மே 30-ஆம் தேதி அதிகாலை அகமதாபாத் இறுதியாட்டத்தில், இரண்டு பந்தில் பத்து ஓட்டம் வேண்டியிருக்க மோகித் சர்மாவை ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்து, ஓடிவந்தவரைத் தோனி இடுப்போடு தூக்கினாரே, அந்தப் படம் எங்கள் வீதியில் எத்தனையோ ஆட்டோக்களின் பின்கண்ணாடியில் இருந்தது. தூக்கியவரும் தூக்கப்பட்டவரும் ஒரே வீட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

ஆனால் இந்த "நம்ம ஆட்கள்" நம் வீட்டுக்கு வந்த கதை என்ன? டோன்சிச்சை 2018-இல் தேர்வு செய்தது அட்லாண்டா. டிரே யங்கையும் பிற்காலத் தேர்வு ஒன்றையும் கொடுத்துத்தான் டல்லாஸ் அவரை வாங்கியது. ஆக அவர் டல்லாஸுக்கு வந்ததே ஒரு மாற்றில். ஜடேஜா 2008-இல் ராஜஸ்தானின் பிள்ளை. ஷேன் வார்ன் "ராக்ஸ்டார்" என்று கொண்டாடிய பையன். வேறொரு அணியோடு தானாகப் பேச்சு நடத்தினார் என்று 2010-இல் ஒரு பருவம் முழுக்கத் தடை. பிறகு கொச்சி. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஒரே தொகையில், 20 லட்சம் டாலரில், முட்டிக்கொண்டு நின்றபோது, மூடிய உறையில் எழுதிக் கொடுத்த கூடுதல் தொகைதான் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொகை வெளியே சொல்லப்படவும் இல்லை.

நம்முடையவர் என்று நாம் உரிமை கொண்டாடிய இருவரும் பேரத்தில் வந்தவர்கள், பேரத்திலேயே போனார்கள். ஏழு பருவமும் பன்னிரண்டு பருவமும் அந்தப் பேரத்தை நம் நினைவிலிருந்து அழித்திருந்தன. தானாக அணி மாறப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட இளைஞர், பதினைந்து ஆண்டு கழித்து அணிகளே பேசி முடித்த மாற்றில் அதே ராஜஸ்தானுக்குத் திரும்பினார். புகுந்த வீடு போன பெண் அல்ல, பிறந்த வீடு திரும்பிய பெண் என்று என் நண்பர் ஒருவர் இதற்குச் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் எனக்கும் வேண்டியிருந்தது. டோன்சிச்சுக்கு அப்படித் திரும்ப ஒரு பிறந்த வீடும் இல்லை.

இவ்வளவு ஒற்றுமைக்குப் பிறகும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. காரணம் துண்டு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் பழைய தரகர்கள் பேரம் பேசும் விதத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருவர் கைகோர்ப்பார்கள், மேலே ஒரு துண்டு விழும், உள்ளே விரல்கள் ஒன்றையொன்று அழுத்தும். இத்தனை விரல் என்றால் இத்தனை ஆயிரம். சுற்றி நிற்பவருக்கு முகங்கள் மட்டும் தெரியும், முகங்களோ எதையும் சொல்லாது. ஆட்டக்காரர்களை மாட்டோடு ஒப்பிடவில்லை. பேரத்தின் முறையைத்தான் சொல்கிறேன். டல்லாஸ் மாற்று அப்படித் துண்டுக்கு அடியில் நடந்தது. ஹாரிசனும் லேக்கர்ஸின் ராப் பெலிங்காவும் ஜனவரியில் காபி குடித்தபடி தொடங்கிய பேச்சு, ஏறக்குறைய ஒரு மாதம் வெளியே கசியவில்லை. டோன்சிச்சுக்கே தெரியாது. சந்தையில் அந்தத் துண்டுக்கு ஒரு நியாயம் உண்டு, விற்கிறவனின் மானம் காப்பதற்கு. டல்லாஸில் அது யாருடைய மானத்தைக் காத்தது?

சென்னையின் மாற்றில் துண்டு விலகியே இருந்தது. அது அணி நிர்வாகத்தின் பெருந்தன்மை மட்டுமல்ல, விதியே அப்படி. ஐ.பி.எல். மாற்றுக்கு ஆட்டக்காரரின் சம்மதம் வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்தில், மிகச் சிலரைத் தவிர மற்றவருக்கு அந்த உரிமை இல்லை. சாம்சன் ராஜஸ்தானை விட்டு விலக விரும்புகிறார் என்பது மாதக்கணக்கில் ஊரறிந்த பேச்சு. ஜடேஜா தலையசைக்காமல் ஜெய்ப்பூர் போயிருக்க முடியாது. பருவத்தின் நடுவே, காயத்தோடு கரையில் உட்கார்ந்திருந்தவரை நள்ளிரவில் ஊர் மாற்றுவதும், பருவங்களுக்கு இடையில் கேட்டு அனுப்புவதும் ஒன்றல்ல. சென்னை கொடுத்த விலை அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன். முறை நேர்மையானது என்றும் நினைக்கிறேன். டல்லாஸில் விலையும் தவறு, முறையும் தவறு.

"முறைய யாருங்க பாக்கறாங்க, ஜெயிச்சாப் போதாதா?" என்பது வலுவான எதிர்வாதம். ராபின் உத்தப்பாவை 2021-இல் ராஜஸ்தானிடமிருந்து சென்னை வாங்கியபோது யாரும் பேசவே இல்லை. அந்த ஆண்டு டெல்லிக்கு எதிரான தகுதிச் சுற்றில் 63 அடித்துச் சென்னையை இறுதிக்கு இட்டுச் சென்றார், பேசாதவர்கள் பேசினார்கள். ஹார்திக் பாண்டியா மும்பைக்குத் திரும்பி 2024-இல் ஆடியபோது அந்த அணியின் சொந்த அரங்கிலேயே கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு டி20 உலகக் கோப்பையோடு வந்தபோது அதே அரங்கம் ஆரவாரித்தது. வெற்றி எல்லாவற்றையும் கழுவிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் டல்லாஸின் கணக்கு அப்படி முடியவில்லை. டேவிஸ் முதல் ஆட்டத்திலேயே 26 புள்ளி எடுத்துக் காயத்தோடு வெளியேறினார்; சக ஆட்டக்காரர் கைரி இர்விங்கின் முழங்கால் மார்ச்சில் போயிற்று. பிறகு புதிய ஆட்டக்காரர் தேர்வுக்கான மே மாதக் குலுக்கலில், 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லாஸுக்கு முதலிடம் விழுந்து கூப்பர் ஃபிளாக் வந்தார். தப்பித்தது அணி என்று சிலர் சொன்னார்கள். ரசிகர்கள் ஒப்பவில்லை. புதிய பருவத்திலும் ஹாரிசனை நீக்கு என்ற கோஷம் ஓயாமல் எழுந்து, நவம்பர் 11-ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். நான்கே நாளில் சென்னையின் அறிவிப்பு. குலுக்கலில் விழுந்த அதிர்ஷ்டத்தைத் திட்டத்தின் வெற்றியாகக் கணக்கெழுத டல்லாஸ் மக்கள் மறுத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

கோவை இந்த வாதத்துக்கு ஒரு தனி நிறம் கொடுத்தது. வாளையாறு தாண்டினால் கேரளம். நகரத்தில் எத்தனையோ மலையாளக் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. அன்று பேக்கரியில் ஒரு மேசையில் இழவு, பக்கத்து மேசையில் திருவிழா. இரண்டு மேசைக்கும் ஒரே மாஸ்டர்தான் டீ ஆற்றினார். சேப்பாக்கத்துக்குச் சாம்சன் என்ற மலையாளி மஞ்சள் சட்டையில் வருகிறார் என்பதில் அவர்களுக்கிருந்த மகிழ்ச்சி, டோன்சிச்சைப் பெற்ற லாஸ் ஏஞ்சலஸின் கொண்டாட்டத்தைவிட எனக்கு நெருக்கமாகப் பட்டது.

கூடைப்பந்துப் பையன்களுக்கோ மாற்று என்பதே அந்நியம். இந்த ஊரில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி பார்த்து வளர்ந்தவர்கள் அறிந்த அணிகள் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, விமானப்படை, ராணுவம். அங்கே ஆட்டக்காரர் அணிக்கு வருவது பணி நியமன ஆணையோடு. ஓர் அணியில் சேர்ந்தால் அது உத்தியோகம். அதை விட்டு எங்கே போவது? அப்படிப்பட்ட நிரந்தரத்தைக் கண்ணால் கண்டவர்கள், 2015-இல் சத்நாம் சிங்கைத் தேர்ந்தெடுத்த அணி என்பதற்காகவே டல்லாஸைத் தங்கள் அணியாக வரித்துக்கொண்டவர்கள், இந்த வர்த்தகத்தை ஏற்கத் தடுமாறியதில் வியப்பில்லை.

அந்தத் தடுமாற்றத்தை 2025 ஏப்ரல் 10, வியாழக்கிழமை விடியலில் பக்கத்திலிருந்து பார்த்தேன். டோன்சிச் எதிரணியாக டல்லாஸுக்குத் திரும்பிய ஆட்டம். திடலின் ஒரு ஓரத்தில், விளக்குக் கம்பத்தில் சாய்த்து வைத்த ஒரு கைப்பேசியைச் சுற்றி ஆறேழு பேர். தொடங்குமுன் அவருடைய பழைய ஆட்டங்களை அரங்கத் திரையில் ஓட்டினார்கள், அவர் அழுதார். பிறகு எழுந்து போய் 45 புள்ளி எடுத்தார். ஒவ்வொரு கூடைக்கும் டல்லாஸ் அரங்கம் கைதட்டியது, தோற்றுக்கொண்டிருந்தது தங்கள் அணி என்று தெரிந்தும்.

"ஏனுங்ணா, இப்ப நாம யாருக்குக் கை தட்டோணும்?" என்று சின்னப் பையன் ஒருவன் கேட்டான். ஜடேஜா பேச்சு வரும்போதெல்லாம் அதே கேள்வியைப் பேக்கரியிலும் பின்னாளில் கேட்டேன். அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் அண்ணன் பதில் சொல்லவில்லை. லூகா கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி அடுத்த பந்தை வீசியதும், வலை அசையுமுன்பே தட்டினார்.