வட்காவில் பணிந்த பம்பாய்ப் படை

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவருள் புணே வழியாக ஊர் சென்று மீளாதார் அரியர். வண்டி போர்காட் மலையேறி லோணாவ்ளாவைக் கடந்தபின் வட்காவ் என்றொரு சிறு நிலையம் வரும். விரைவு வண்டிகள் நில்லா. பிளாசியையும் வந்தவாசியையும் பாடமாய்ப் படிக்கும் நம் பிள்ளைகள், 1779 ஜனவரியில் கம்பெனியின் படை பணிந்த இவ்வூரையும் அறிதல் நன்று.

பேஷ்வா நாராயணராவ் 1773-இல் கொலையுண்டார். அவருடைய சிற்றப்பன் ரகோபா பதவியை நாட, நானா பட்னவிஸ் முதலான அமைச்சர்கள் இறந்தவரின் கைக்குழந்தைக்குப் பட்டங்கட்டினர். ரகோபா பம்பாய் ஆங்கிலேயரைச் சரணடைந்தார். அவர்களுக்கோ சாஷ்டித் தீவின்மேல் கண். இன்று குர்லாவும் முலுண்டும் தாணாவும் உள்ள நிலமே அது. 1774 இறுதியில் அதனைக் கைப்பற்றியிருந்தனர்.

அக்காலத்தே அமெரிக்காவிலும் ஆங்கிலேயருக்குப் போர். அங்கே பர்காயின் என்னும் தளபதி, வெட்டி வீழ்த்திய மரங்கள் மறித்த காட்டுவழியில் 20 மைல் செல்ல ஏறக்குறைய மூன்று வாரம் கழித்தார். உள்ளூரார் திரண்டு துணைவருவர் என்று நம்பினார். 1777 அக்டோபரில் சரடோகாவில் பணிந்தார். அதன்பின் பிரான்சும் போரில் இறங்கிற்று. புணே அரசவைக்கு முன்னரே ஒரு பிரெஞ்சுத் தூதர் வந்துபோயிருந்தமையால் பம்பாய் ஆலோசனைச் சபை பதைத்தது. வங்காளத்திலிருந்து காடர்டு தலைமையில் ஒரு படை நிலவழியே வந்துகொண்டிருந்தது. அதற்குக் காத்திராமல் 1778 நவம்பரில் தானே புறப்பட்டது பம்பாய்.

வீரர் சுமார் 3,900 பேர். பொதி சுமக்க 19,000 எருதுகள்! சரக்குப் பிரிவில் எழுத்தனாக இருக்கும் எனக்கு இந்தக் கணக்கே போதும். ஆளுக்கு ஐந்து எருது வீதம் ஒரு மலைவழியில் ஏறினால் முன்செல்வது எது, பின்செல்வது எது? காந்தளாவிலிருந்து கார்லா சுமார் 8 மைல். கடக்க 11 நாட்களாயின. தலைமையோ ஒருவரிடமில்லை. எகர்ட்டன், கார்னாக், மாஸ்டின் என மூவர் குழு. மாஸ்டின் நோயால் இறந்தார். எகர்ட்டனும் நோயுற்று, காக்பர்ன் படைத்தலைவரானார்.

ரகோபாவுக்காக ஊர்கள் எழும் என்றனர், எழவில்லை. ஜனவரி 9-இல் தளேகாவை அடைந்தபோது ஊர் எரிந்து வெறிச்சோடிக் கிடந்தது. மகாதஜி சிந்தியாவின் குதிரைப்படை சூழ்ந்து நின்றது. புணேக்கு இன்னும் சுமார் 20 மைலே இருந்தது. எனினும் 11-ஆம் நாள் இரவு பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினர்.

தோற்றவர் சிப்பாய்களே என்பாருண்டு, அது பெரும்பழி. மறுநாள் பின்னணிப் படையாய் நின்று, காப்டன் ஹார்ட்லியின் கீழ், தாக்குதல் ஒவ்வொன்றையும் தாங்கியவர் இந்தச் சிப்பாய்கள்தாம். போரிட்டபடியே மலையிறங்கலாம் என்றார் ஹார்ட்லி. மேலோர் செவிசாய்க்கவில்லை. ஜனவரி 16-இல் உடன்படிக்கை எழுதினர்: 1773-க்குப்பின் கொண்ட நிலமெல்லாம் திருப்பித் தருவது, காடர்டைத் தடுப்பது, ரகோபாவைக் கைவிடுவது. அதன்படியாயின் சாஷ்டி மராத்தியருக்கே.

படை பம்பாய் சேர்ந்ததும் அவ்வுடன்படிக்கை செல்லாது என்றனர் ஆங்கிலேயர். சரடோகா ஒப்பந்தத்தை அமெரிக்கர் காக்கவில்லை என்று குறைகூறியவரும் இவரே! கார்னாக், எகர்ட்டன், காக்பர்ன் மூவரும் வேலைநீக்கம் பெற்றனர்; ஹார்ட்லிக்குப் பதவி உயர்வு கிட்டிற்று. 1781-இல் காடர்டும் போர்காட் ஏறி, புணேயைக் காணாமலே இழப்புடன் இறங்கினார். மறு ஆண்டு சால்பாய் உடன்படிக்கையில்தான் சாஷ்டி ஆங்கிலேயருக்கென முடிவாயிற்று.