ஒப்பிக்கும் பிள்ளையும் கேட்கும் செவியும்

ஒரு பிள்ளை ஒப்பிக்க, அருகிலிருந்து ஒருவர் செவிமடுத்துத் திருத்துவது மிகப் பழமையான கல்வி முறையாகும். நம் மக்தபுகளில் உஸ்தாதின் முன் ஒவ்வொரு பிள்ளையாக அமர்ந்து ‘ஸபக்’ கொடுப்பதை நாம் அறிவோம். அலிஃப், பா தொடங்கிய பிள்ளையும் பல ஜுஸ்உகள் ஓதி முடித்த பிள்ளையும் ஒரே பாயில் இருப்பர். ஆயினும் இருவரின் பாடமும் வேறு. முந்தைய பாடம் தேறாமல் அடுத்த பாடம் இல்லை. தாய்மொழிக்கும் கணக்கிற்கும் இதே ஒழுங்கு நம் நாட்டில் இருந்தது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

ஹிஜ்ரி 2இல் (கி.பி. 624) நடந்த பத்ருப் போருக்குப் பின், பிணைத்தொகை செலுத்த வசதியற்ற, எழுதத் தெரிந்த கைதிகள், ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்ததை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் குர்ஆனைத் தொகுத்த ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களும் அவ்வாறு கற்றவர்களுள் ஒருவர் என்பது இப்னு ஸஅத் தரும் செய்தி. ஒருவருக்குப் பத்துப் பேர் என்ற அந்த அளவு கருதத்தக்கது.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பின்னரே ஓலையும் எழுத்தாணியும். கணக்கிற்குப் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து ஆகிய சுவடிகள் இருந்தன. கால், மாகாணி, மா, காணி என இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரை பின்னங்கள் மனப்பாடமாயின. தாமிரபரணிப் பாசனத்தில் விளைந்த நெல்லை 21 மரக்கால் ஒரு கோட்டை என்று அளந்த நம் சீமையில், கணக்கறியாதவன் களத்துமேட்டிலேயே ஏமாந்து போவான். ஆசிரியரோ ஒருவர், எனவே மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களின் பாடத்தைக் கேட்டுத் திருத்தினான்.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். தம் இல்லத்திலும் அதைப் புகுத்தி, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். 1797இல் அவர் இலண்டனில் வெளியிட்ட நூலின் வழியாக அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றுப் பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் அங்கே அதைப் பலரும் விரும்பியது சிக்கனத்திற்காக. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்று கூட்டம் பெருகவே, ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைத்த கவனம் தேய்ந்தது.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கு 1826இல் வெளிவந்தது. 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். மக்கள்தொகையோ 1 கோடியே 28 லட்சத்திற்கும் மேல். பெண் குழந்தைகள் மிகச் சிலரே. எளிய சாதியினர் பலருக்குத் திண்ணையில் இடமில்லை, பிரம்படியும் குறைவில்லை. அக்குறைகளை மறைத்து அம்முறையைப் புகழ்வது நீதியன்று. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் செவியை மட்டுமே.

அச்செவியின் பயன் நம் காலத்திலும் காணப்பட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், 2021 அக்டோபர் 27 அன்று தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தன்னார்வலர் ஒருவரிடம் சுமார் 20 பிள்ளைகள் மாலை வேளையில் பயின்றனர். தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், கணக்கிலும் தமிழிலும் ஏற்பட்டிருந்த இழப்பில் மூன்றில் இரு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் மீண்டதென்றும், அம்மீட்சியில் சுமார் கால் பங்கு இத்திட்டத்தால் விளைந்ததென்றும் கண்டனர். கற்பித்தவர்களில் பலர் அதே தெருவில் வாழ்ந்த பெண்கள் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

ஜமாஅத்தார்களே! எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகள் ஆண்டுதோறும் வகுப்பு ஏறிவிடுகின்றனர்; ஆனால் சிலருடைய கழித்தல் கணக்கு மூன்றாம் வகுப்பிலேயே நின்றுவிடுகிறது. வாசிக்க இயலாத பிள்ளை வெட்கத்தால் வாய் திறவாது. ஒருநாள் புத்தகப் பையை வைத்துவிட்டுக் கடை வேலைக்குப் போய்விடும். தோல்வி எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. இன்றிரவே நம் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வோம். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கொன்றும் கொடுப்போம். உண்மை விளங்கிவிடும்.

கல்லூரியில் பயிலும் இளைஞரும் இளம்பெண்களும் நம் மஹல்லாவில் உள்ளனர். அவர்கள் மஃரிபுக்குப் பின் ஒரு மணி நேரம், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளைகளின் பாடத்தைக் கேட்டால் போதும். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு திண்ணையும் பொறுமையுள்ள செவியும் இருந்தால் போதும். அதற்கான நல்லெண்ணத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.