அம்மாயியின் பெயர் என்ன?

நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்காகச் சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் குடும்ப மரத்தை ஒரு மட்டையில் வரைந்து கொண்டுவருவதென்று தீர்மானித்தோம். எளிய வேலை என்றுதான் நினைத்தோம். அப்பா, அப்பாவின் அப்பா, அவருடைய அப்பா என்று பலரால் மூன்று தலைமுறை ஏற முடிந்தது. சிலர் நான்காவது தலைமுறைக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அம்மாவின் பக்கம் வந்தபோது கை நின்றது. அம்மாவின் அம்மாவை நாம் எல்லோரும் அறிவோம். அவர் மடியில் வளர்ந்தவர்கள் நாம். அவரைப் பெற்ற அம்மாவின் பெயர் என்ன என்று கேட்டபோது மேசையைச் சுற்றியிருந்த எவருக்கும் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

அன்று தொடங்கிய தேடலின் கதையை இங்கே எழுதுகிறோம். கண்டி நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வேர் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் நாம். நம்மில் பலர் கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை, ரங்கல பக்கத்திலிருந்து வந்து படித்தவர்கள். "எந்த ஊர்?" என்று வகுப்பில் யாராவது கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல் "கண்டி" என்று சொல்லித் தப்பிய நாட்கள் நமக்கு மறக்கவில்லை. வேரைத் தேடப் புறப்படும் முன் அதை மறைத்த வயதும் நமக்கு இருந்தது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவதே நேர்மை.

நமது முன்னோர் இந்த மலைக்கு வந்த கதையின் பெரிய வரிகள் யாவரும் அறிந்தவை. 1820களில் கம்பளைப் பக்கத்திலும் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். திருச்சி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வழியில் பசியாலும் வாந்திபேதியாலும் இறந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எங்கும் இல்லை. 1869இல் தென்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 2023இல் மலையக மக்களின் இருநூறாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நடந்தது. ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை நடந்த அந்தப் பயணம், அம்மாயிமார் நடந்த வழியை நமது காலத்தவருக்கு மீண்டும் காட்டியது.

அந்தக் காலத்தில் யாருடைய பெயர்கள் எழுதி வைக்கப்பட்டன என்று பார்த்தால் நமது சிக்கல் விளங்கும். தலதா மாளிகைக்கு அருகிலுள்ள பழைய பிரித்தானியர் மயானத்தில் பல கற்களில் பெயரும் வயதும், சிலவற்றில் இறந்த காரணமும்கூட இருக்கின்றன. இலங்கையிலுள்ள அத்தகைய கல்வெட்டுகளைத் தொகுத்து 1913இலேயே ஒரு பெரிய நூல் வந்துவிட்டது. பெர்குசன் டிரெக்டரியைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், ஏக்கர், துரையின் பெயர் யாவும் கிடைக்கும். தொழிலாளியின் பெயர் கிடைக்காது. ஹேவாஹெட்டப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்தார். அவரது உடலைத் தொழிலாளர்கள் இரண்டு அணியாக முறை மாற்றித் தோளில் சுமந்து மலைவழியே கண்டிக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். மஹியாவ மயானத்தில் அவருடைய கல் இன்றும் நிற்கிறது. சுமந்தவர்கள் யார் யார்? அவர்களில் ஒருவர் நமது பூட்டனாராக இருக்கலாம்.

உலகின் மற்ற மூலைகளுக்குப் போன தமிழரின் நிலை இதில் சற்று வேறு. மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களைக் கப்பலில் ஏற்றியபோது எண், பெயர், தந்தை பெயர், வயது, கிராமம், மாவட்டம் ஆகியவற்றைப் பதிந்தார்கள். அது அவர்களுடைய நன்மைக்காகச் செய்யப்பட்டதல்ல. ஆனால் அந்த ஏடுகளைக் கொண்டு இன்று பேரப்பிள்ளைகள் கிராமத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். மொரிசியசில் மகாத்மா காந்தி நிலையம் அந்த ஏடுகளைப் பாதுகாத்து வருகிறது. இலங்கைக்கு ஆள் வந்தது பெரும்பாலும் கங்காணி முறையில். கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களையும் அயலவரையும் முன்பணம் கொடுத்து அழைத்துவந்தார். எழுதி வைக்கப்பட்டது கடன்தான். அந்தக் கடனைக் காட்டும் "துண்டு" ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆளோடு போயிற்று. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிந்தது. 1900களின் தொடக்கத்தில் வந்த தகர வில்லையில் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளின் எண்ணும் இருந்தன. கழுத்தில் தொங்கிய அந்தத் தகரத்தில் பெயருக்கு இடம் இல்லை.

ஆனால் கங்காணி முறையில் நமக்கு ஒரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. ஒரு கங்காணியின் ஆட்கள் பெரும்பாலும் ஒரே ஊரையோ அடுத்தடுத்த ஊர்களையோ சேர்ந்தவர்கள். உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்து போயிருந்தால், ஒரே கங்காணியின் கீழ் பெயர் பதிந்திருந்த மற்ற வீடுகளில் கேளுங்கள். எங்களுள் ஒருவர் தமது பூர்வீகத் தாலுகாவை அறிந்துகொண்டது பக்கத்து லயத்துக் குடும்பத்தின் பழைய கடிதம் ஒன்றிலிருந்துதான்.

பெண்களின் பெயர் எப்படி விடுபட்டது என்பதற்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நமது பெரியவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டது. உன் தகப்பன் இங்கே பிறந்தவனா? இல்லையென்றால் தகப்பனைப் பெற்ற பாட்டனும் அவனைப் பெற்ற பூட்டனும் இங்கே பிறந்தவர்களா? காட்டு என்றது. பத்திரம் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1949இல் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே. வம்சம் என்பது நமது வீடுகளில் ஓய்வுநேரப் பொழுதுபோக்காக இருந்ததில்லை. பாட்டன் பிறந்த இடத்தைக் காட்ட முடியுமா, முடியாதா என்பதில் ஒரு குடும்பத்தின் தலைவிதியே தங்கியிருந்தது.

உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, இடம் என்று ஒரு கூடு இருக்கும். அடுத்து பூட்டனாருக்கு ஒரு கூடு. சட்டம் கேட்ட அதே கேள்விகள்தான் அவை. பாட்டிக்குக் கூடு இல்லை, பூட்டிக்கும் இல்லை. அவர்கள் எங்கே பிறந்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேரவில்லை. கேட்கப்படாத பெயர்களை நமது வீடுகளும் மெல்ல மெல்ல மறந்தன. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தக் குடும்பங்களைத் தாங்கியவர்களோ அந்தப் பெண்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். மிஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று வீடுகள் உடைந்தன. பெட்டியோடு கோச்சி ஏறித் தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலைப் பிடித்தவர்கள் மண்டபம் முகாமிலிருந்து நீலகிரிப் பக்கம் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள்; பலர் அங்கும் தேயிலைக் காட்டிலேயே வேலை செய்தார்கள். நமது அம்மாமாருக்கு அங்கிருந்து வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கும் வீடுகள் இருந்தால், அவற்றைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். உறையின் பின்னால் இருக்கும் முகவரி ஒரு கிளை முழுவதையும் திரும்பக் கொண்டுவரும்.

எங்கே தேடுவது என்று கேட்கும் சகோதரிகளுக்கு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். முதலில் வீட்டு டிரங்குப் பெட்டி. பிரஜாவுரிமைப் பத்திரம், பழைய இந்தியக் கடவுச்சீட்டு, பத்துச்சீட்டு ஆகியவற்றில் ஊர், தாலுகா, பிறந்த ஆண்டு இருக்கலாம். 1977, 1983 வன்செயல்களில் பெட்டியோடு எரிந்துபோன வீடுகளுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் பிறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளை மாவட்டப் பதிவாளரிடம் கேட்டுப் பெறலாம். தாயின் முழுப்பெயர் பிறப்புப் பதிவில் உண்டு. ஆகவே உங்கள் பதிவோடு நிற்காமல் அம்மாவின் பதிவை எடுங்கள். அதில் அம்மாயியின் பெயர் கிடைக்கும். அம்மாயியின் பதிவு கிடைத்தால் பூட்டியின் பெயர் கிடைக்கும். கிறிஸ்தவக் குடும்பத்தினர் ஞானஸ்நான ஏடுகளைப் பார்க்கலாம். 1854 முதல் கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் மிஷன் வேலை நடந்தது. தோட்டத்துச் செக்ரோலும் பாடசாலைச் சேர்வு இடாப்பும் உதவும். ஒரே அம்மாயி ஒரு பத்திரத்தில் மீனாட்சியாகவும் இன்னொன்றில் மீனாச்சியாகவும் மூன்றாவதில் மீனாயாகவும் இருப்பார். எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். பெயர் பொருந்தவில்லையென்று பத்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம்.

பழைய பத்திரத்திலுள்ள மாவட்டம் இன்றைய மாவட்டமல்ல என்பதையும் மனத்தில் வைக்க வேண்டும். திருச்சி என்று எழுதியிருக்கும் ஊர் இன்று பெரம்பலூரிலோ அரியலூரிலோ கரூரிலோ இருக்கலாம். சேலம் என்றால் நாமக்கல்லாக இருக்கலாம். இராமநாதபுரம் என்றால் சிவகங்கையாகவோ விருதுநகராகவோ இருக்கலாம். புதுக்கோட்டை 1948வரை தனிச் சமஸ்தானமாக இருந்தது. மாவட்டங்கள் பிரிந்தாலும் தாலுகாப் பெயரும் ஊர்ப் பெயரும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டும்.

பத்திரம் எதுவும் கிடைக்காத வீட்டில் குலதெய்வத்தின் பெயரைக் கேட்கலாம். மாரியம்மனும் முருகனும் எல்லா ஊரிலும் உண்டு; ஆனால் லயத்தின் ஓரத்தில் கல் நட்டு வருடத்துக்கு ஒருமுறை படையல் போட்ட அந்தச் சிறு தெய்வத்தின் பெயர் குறிப்பிட்ட ஒரு பகுதிக்கு நம்மை இட்டுச் செல்லும். இங்கேயும் ஓர் எச்சரிக்கை. கலியாணமான பெண் புகுந்த வீட்டுத் தெய்வத்தைக் கும்பிடுவது வழக்கம். "நம்ம குலசாமி எது?" என்று கேட்டால் தாத்தாவின் சாமியைத்தான் சொல்வார்கள். "அம்மாயி பிறந்த வீட்டுச் சாமி எது?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

எங்கள் தேடலில் தொண்ணூறை நெருங்கும் ஒரு தாயாரைப் போய்க் கண்டோம். கால் வராமல் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். தோட்டத்தின் கதையெல்லாம் சொன்னார். எந்தத் துரை எந்த வருடம் வந்தார், எந்தக் கங்காணி நல்லவர், எந்த மலையில் கொழுந்து அதிகம் என்று நிறுத்தாமல் சொன்னார். "உங்க அம்மா பேரு என்ன அம்மாயி?" என்று கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்காத்தா பேரையா கேக்குறீங்க? இத்தன வருசத்துல ஒருத்தரும் கேக்கலியே" என்றார். பெயரைச் சொன்னார். அதை எழுதிக்கொண்டபோது, சரியாக எழுதினோமா என்று வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு முறை வாசித்தோம்.

சிலர் பேச விரும்பமாட்டார்கள் என்பதையும் கண்டோம். சாதி வெளியே வந்துவிடும் என்ற தயக்கம் ஒருபுறம். பத்திரத்தைக் காட்டினால் இன்னும் ஏதாவது ஆபத்து வருமோ என்ற பழைய பயம் மறுபுறம். 2003இல் வந்த சட்டத்தோடு நாடற்றவர் என்ற நிலை நீங்கினாலும், அந்தப் பயம் ஒரு சட்டத்தோடு போய்விடுவதில்லை. அவர்களை வற்புறுத்தக் கூடாது. சொன்னதை மட்டும் எழுத வேண்டும். சொல்ல வேண்டாமென்றதை எழுதக் கூடாது. சாதியைத் தேடுவதல்ல நமது நோக்கம். யார் பெற்று வளர்த்து நம்மைப் பள்ளிக்கு அனுப்பினார்கள் என்பதை அறிவதே நோக்கம்.

ஆகவே பழைய மாணவிகள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். உங்கள் பெயர், அம்மாவின் பெயர், அம்மாயியின் பெயர், அவரைப் பெற்றவரின் பெயர். அவர்கள் பிறந்த ஊரும் தோட்டமும், செய்த வேலை, இறந்த இடம். தெரியாததை வெறுமையாக விடுங்கள். தெரிந்தவர் பின்னர் வந்து நிரப்புவார். சேரும் பக்கங்களைக் கட்டி நமது பள்ளி நூலகத்தில் வைக்கச் சங்கம் முன்வந்துள்ளது. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மட்டுமல்ல, நகரத்துக் குடும்பங்கள், வடக்கு கிழக்கிலிருந்து வந்து கண்டியில் தங்கியவர்கள், முஸ்லிம், சிங்களத் தோழியர் எல்லோரும் எழுதலாம். எவருடைய வீட்டிலும் அம்மாயி உண்டு.

கண்காட்சி மட்டைகளில் இன்னும் பல கட்டங்கள் வெறுமையாகவே இருக்கின்றன. அவற்றை மறைக்காமல் அப்படியே தொங்கவிடப் போகிறோம். கீழே ஒரு பேனாவும் கட்டி வைத்திருப்போம். விழாவுக்கு வரும் முன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒருமுறை கேட்டுக்கொண்டு வாருங்கள்.