குடிபெயர்ந்த கடிதங்கள்

வரலாறு எழுதப் புகுவோர்க்குக் கடிதங்களைப் போல் உதவும் சான்று வேறில்லை. அரசாணை, எடுக்கப்பட்ட முடிவை மட்டும் சொல்லும்; அம்முடிவுக்கு முந்தைய இரவில் அதை எடுத்தவருக்கு இருந்த ஐயத்தைக் கடிதம்தான் சொல்லும். சென்ற முப்பது நாற்பது ஆண்டுகளாக அக்கடிதங்களில் பெரும்பகுதி தாளில் இல்லை. மின்னஞ்சல் பெட்டிகளில் இருக்கிறது. அப்பெட்டிகளும் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. ஒரு நிறுவனம் இன்னொன்றை விலைக்கு வாங்கும்போதும், ஒன்று இரண்டாகப் பிரியும்போதும், பழைய மென்பொருளைக் கைவிட்டுப் புதியதற்கு மாறும்போதும் அவை ஆயிரக்கணக்கில் குடிபெயர்கின்றன.

இக்குடிபெயர்ச்சி கணினித் துறையாரின் அலுவல் என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். ஒதுங்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. கடிதங்களுக்கு நேரும் பெரிய ஆபத்து அவற்றை அழிக்க நினைப்பவரிடமிருந்து வருவதாக எண்ணுகிறோம். அமெரிக்க வெள்ளை மாளிகையின் மின்னஞ்சல் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அதைக் காண்பதற்கு முன், ஒரு பெட்டியை இடம் பெயர்ப்பது என்றால் என்ன என்பதைச் சற்றுப் பார்த்துக்கொள்வோம்.

பழைய பெட்டியில் உள்ளதைப் புதிய பெட்டியில் கொட்டினால் வேலை முடிந்தது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் மின்னஞ்சல் என்பது எழுதப்பட்ட சொற்கள் மட்டுமன்று. அது வந்து சேர்ந்த நாள், படிக்கப்பட்டதா என்னும் குறி, யார் யாருக்கு நகல் போயிற்று என்னும் விவரம், எந்த அடுக்கில் வைக்கப்பட்டிருந்தது என்னும் ஒழுங்கு எல்லாம் சேர்ந்ததே கடிதம். மார்க் கிறிஸ்பின் என்பார் 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஐமேப் நெறிமுறையே பெட்டிகளைப் பெயர்க்க இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அவ்வழியில் நகலெடுக்கும் கருவி, கடிதம் வந்து சேர்ந்த நாளையும் உடன் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், பத்தாண்டுக் கடிதங்கள் அனைத்தும் பெயர்த்த அன்றைக்கே வந்து சேர்ந்தவை போலப் புதிய பெட்டி பதிந்துகொள்ளும். எழுதியவர் தரப்பு நாள் கடிதத்தின் தலைப்பில் இருக்கும். பெட்டி அறிந்த நாள் மாறிவிடும்.

யூனிக்ஸ் கணினிகளின் பழைய முறை இன்னும் விந்தையானது. அங்கே ஒரு பெட்டியின் கடிதங்கள் யாவும் ஒரே கோப்பில் அடுத்தடுத்துக் கிடக்கும். 'ஃப்ரம்' என்னும் ஆங்கிலச் சொல்லில் தொடங்கும் வரியே அடுத்த கடிதத்தின் தொடக்கத்துக்கு அடையாளம். கடிதம் எழுதுபவர் நடுவில் ஒரு வரியை அதே சொல்லால் தொடங்கிவிட்டால் என்ன ஆகும்? குழப்பத்தைத் தவிர்க்க மென்பொருள் அவ்வரியின் முன் ஓர் அம்புமுனைக் குறியை இட்டுவிடும். எழுதியவர் இடாத குறி அது. பெட்டி எத்தனை இடம் மாறினாலும் பெரும்பாலும் அதுவும் கூடவே வரும். ஏடு பெயர்த்தெழுதியவரின் கைப்பிழை மூலத்தோடு ஒட்டிக்கொண்டு பாடபேதமாவதை அறிந்த நமக்கு இது புதிதன்று.

1996இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில், நாம் அறிந்த முகவரிக்குப் பின்னால் இன்னோர் உள்முகவரி உண்டு. ஒரே நிறுவனத்துக்குள் எழுதப்படும் கடிதங்களில் அதுதான் பதிவாகும். பெட்டியை வேறு நிறுவனத்தின் கணக்குக்குக் கொண்டுசென்ற பின், பழைய கடிதம் ஒன்றுக்கு மறுமொழி எழுதினால், அது இல்லாத உள்முகவரியைத் தேடி அலைந்து திரும்பிவிடும். ஆகையால் விவரம் தெரிந்தவர்கள் பழைய உள்முகவரியைப் புதிய பெட்டிக்கு மறுபெயராகச் சேர்த்துவைக்கிறார்கள். புது வீட்டு வாசலில் பழைய வீட்டின் கதவிலக்கத்தையும் எழுதி வைப்பது போன்றது இது.

*

இனி வெள்ளை மாளிகைக்கு வருவோம்.

1986 நவம்பர். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகராகுவாவின் கான்ட்ரா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிவிட்ட செய்தி வெடித்த மாதம். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஜான் பாயின்டெக்ஸ்டரும் அவரிடம் பணியாற்றிய ஆலிவர் நார்த்தும், ஐ.பி.எம். நிறுவனத்தின் 'பிராஃப்ஸ்' என்னும் அமைப்பில் இருந்த தம் மின்னஞ்சல்களில் 5000க்கும் மேற்பட்டவற்றை அழித்தனர். அழித்துவிட்டதாகவே நம்பினர். ஆனால் அக்கடிதங்களின் பிரதிகள் காப்பு நாடாக்களில் இருந்தன. அவற்றைக் கொண்டே டவர் ஆணையம் 1987 பிப்ரவரியில் தன் அறிக்கையை எழுதியது. திட்டமிட்ட அழிப்பு தோற்றது.

இரண்டாண்டு கழித்து, ரீகன் பதவி விலகுவதற்கு முதல் நாளான 1989 ஜனவரி 19 அன்று, நேஷனல் செக்யூரிட்டி ஆர்க்கைவ் என்னும் தனியார் ஆய்வு அமைப்பு நீதிமன்றத்தை நாடியது. ஆட்சி மாறும்போது அந்த நாடாக்களைத் துடைத்துவிடக் கூடாது என்பது அதன் வேண்டுகோள். நீதிமன்றம் அன்றே தடை விதித்தது. தேவையானவற்றைத் தாளில் அச்சிட்டு வைத்தால் போதாதா என்பது அரசுத் தரப்பின் வாதம். போதாது என்று 1993 ஜனவரியில் நீதிபதி சார்ல்ஸ் ரிச்சி தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அச்சிட்ட தாளில் யார் யாருக்குக் கடிதம் போயிற்று, எப்போது போய்ச் சேர்ந்தது என்னும் விவரங்கள் விடுபட்டுப் போகக்கூடும். அவை விடுபட்டால் கடிதம் முழுமையன்று. பதிப்பாசிரியர்கள் மூலப்படிக்குக் காட்டும் மரியாதையை ஒரு நீதிமன்றம் மின்னஞ்சலுக்குக் காட்டியது அன்றுதான்.

அத்தீர்ப்பின் விளைவாக 1994இல் 'ஆர்ம்ஸ்' என்னும் தானியங்கிப் பாதுகாப்பு முறை கிளின்டன் ஆட்சியில் ஏற்படுத்தப்பட்டது. வரும் கடிதமும் போகும் கடிதமும் தாமாகவே அதில் சேர வேண்டும். சட்டம் வென்றது, இனிக் கவலையில்லை என்றே யாரும் நினைத்திருப்பர். துன்பம் வேறு வாசலில் வந்தது. 1996 ஆகஸ்டில் 'மெயில்2' என்று பெயரிட்ட சேவைக்கணினி ஒன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பெயர் ஓரிடத்தில் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளிலும், இன்னோரிடத்தில் முதலெழுத்து மட்டும் பெரிதாகவும் பதியப்பட்டிருந்தது. நம் மொழியில் இல்லாத வேறுபாடு இது. மனிதக் கண்ணுக்கு ஒரு பொருட்டும் அன்று. ஆனால் கடிதங்களைத் தேடி எடுக்கும் நிரலுக்கு அவை இரண்டும் வேறு வேறு பெயர்கள். ஆகவே சுமார் 500 பேருக்கு வெளியிலிருந்து வந்த கடிதங்கள், 1998 நவம்பர் வரை பாதுகாப்பில் சேரவே இல்லை. அது சரிசெய்யப்பட்ட பின் இன்னொன்று முளைத்தது: முதற்பெயர் 'டி' என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்குவோர்க்கு வந்த கடிதங்கள் 1998 நவம்பர் முதல் 1999இன் இடைப்பகுதி வரை விடுபட்டன. பெயரின் முதலெழுத்து ஒருவரை வரலாற்றிலிருந்து விலக்கிவைத்தது.

பெரிய குடிபெயர்ச்சி அடுத்த ஆட்சியில் நிகழ்ந்தது. ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் வெள்ளை மாளிகை, 2002இல் தொடங்கி, லோட்டஸ் நோட்ஸ் அமைப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுக்கு மாறியது. பெட்டிகள் புது வீட்டுக்கு வந்தன, 'ஆர்ம்ஸ்' வரவில்லை. புதிய அமைப்போடு அது இணைக்கப்படவே இல்லை. அதற்கு மாற்றாகத் திட்டமிட்ட முறையும் 2006இல் கைவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஊழியர்கள் கடிதங்களைக் கோப்புகளாகத் திரட்டி, கையால் பெயரிட்டு, சேவைக்கணினிகளில் அடுக்கிவைத்தனர். காப்பு நாடாக்களும் 2003 அக்டோபர் வரை மறுபடி மறுபடி பயன்படுத்தப்பட்டன. அதாவது, பழையதன் மேல் புதியது பதியப்பட்டது. ஈராக் போர் 2003 மார்ச்சில் தொடங்கியது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

2005இல் உள்ளிருந்தே நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2003 ஜனவரிக்கும் 2005 ஆகஸ்டுக்கும் இடையில் 473 நாட்களில் ஏதேனும் ஓர் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்கூடப் பாதுகாப்பில் இல்லை என்று கண்டது. இதற்கிடையில் வேறொரு செய்தியும் வெளிவந்தது. வெள்ளை மாளிகை அதிகாரிகள் 88 பேருக்குக் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு தனியாக மின்னஞ்சல் கணக்குகள் கொடுத்திருந்தது. 2007 ஜூனில் நாடாளுமன்றக் குழு ஒன்று கணக்கெடுத்தபோது, அவர்களில் 51 பேரின் கடிதம் ஒன்றுகூட அங்கே எஞ்சியிருக்கவில்லை. அரசின் கடிதம் இன்னொரு நிறுவனத்தின் பெட்டியில் வாழ்ந்தால், அதன் ஆயுளை அந்த நிறுவனத்தின் வழக்கமே தீர்மானிக்கிறது.

2007இல் மறுபடியும் வழக்கு. 2009 டிசம்பரில் சமரசம் ஏற்பட்டபோது 2 கோடியே 20 லட்சம் மின்னஞ்சல்கள் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அவை அழிந்திருக்கவில்லை, தவறான பெயரிட்ட கோப்புகளில் இருந்தமையால் கண்ணில் படவில்லை. மேலும் 94 நாட்களின் கடிதங்களை நாடாக்களிலிருந்து மீட்கவும் உடன்பாடு ஏற்பட்டது. எஞ்சிய நாட்களில் உண்மையாகவே ஏதேனும் தொலைந்ததா என்பதைத் திட்டவட்டமாகச் சொல்ல இயலாமற்போனதுதான் இழப்பிலும் பெரிய இழப்பு. எண்ணி வைக்காத பொருள் குறைந்ததா என்று யாரைக் கேட்பது?

இந்த மூன்று ஆட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வேண்டுமென்றே அழித்தவர்களால் அழிக்க முடியவில்லை என்பது தெரிகிறது. அழிக்கும் எண்ணமே இல்லாமல், ஒரு பெயரைத் தவறாகப் பதிந்ததாலும், பாதுகாப்பை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிச் சென்றதாலும் ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் காணாமற்போயின. தீய எண்ணத்துக்கு எதிராகச் சட்டமும் நீதிமன்றமும் உண்டு. கவனமின்மைக்கு எதிராக இருப்பது கணக்கெடுப்பு ஒன்றே.

*

இன்று பெட்டிகள் அலுவலகக் கணினிகளில் இல்லை. கூகுள் 2006இலும் மைக்ரோசாஃப்ட் அதன் பின்னரும் நிறுவனங்களுக்கான மேகச் சேவையைத் தொடங்கிய பின், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பெருங்கட்டடத்தில் குடியிருப்போர் போலத் தனக்கென ஒரு கணக்கு வைத்திருக்கிறது. இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பெட்டிகள் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் சேவையில் ஓர் இணையப் பெயர் ஒரு நேரத்தில் ஒரு கணக்குக்கே உரியது. பழையதிலிருந்து விடுவித்த பின்னரே புதியதில் சேர்க்க முடியும். அந்த இடைவெளியில் வரும் கடிதங்கள் எங்கே காத்திருக்கும் என்பதை முன்பே யோசித்து வைக்காதவர்கள் பின்பு வருந்துகிறார்கள்.

இன்னொரு செய்தி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எக்ஸ்சேஞ்சில் பெட்டி பெயர்க்கும் கருவியிடம், பழுதான கடிதங்கள் எத்தனை வரை விடுபடலாம் என்று முன்கூட்டியே ஓர் எண்ணைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. எண்ணைப் பெரிதாகக் கொடுத்தால் வேலை தடையின்றி முடியும். பின்னர் வந்த முறை, பெயர்ப்பின் தரத்தைத் தானே மதிப்பிட்டு, ஐயம் இருந்தால் விடுபட்டவற்றுக்கு ஒப்புதல் கேட்டு நிற்கிறது. அந்த ஒப்புதலை அளிப்பவர் பெரும்பாலும் கடிதத்தை எழுதியவரும் அல்லர், பெற்றவரும் அல்லர், அதைப் பின்னாளில் தேடப்போகும் ஆய்வாளரும் அல்லர். இரவுப் பணியில் இருக்கும் ஒரு தொழில்நுட்பர். அவர்மீது குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எவை முக்கியம் என்று அவருக்கு நாம் சொல்லவே இல்லையே.

நம் நாட்டிலும் இது நிகழ்ந்திருக்கிறது. தேசியத் தகவலியல் மையத்தின் அமைப்பில் இருந்த அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்கள், சுமார் 12 லட்சம் பேருடையவை, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோகோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்ட செய்தி 2025 அக்டோபரில் வெளியாயிற்று. முகவரிகள் மாறவில்லை, பெட்டி இருக்கும் இடம் மாறியது. உள்நாட்டு நிறுவனம் என்னும் பெருமை பற்றி நிறையப் பேசப்பட்டது. பெருமை இருக்கட்டும், நாம் கேட்க விரும்பும் கேள்வி எளியது. புறப்பட்ட கடிதங்கள் எத்தனை, வந்து சேர்ந்தவை எத்தனை? 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், கணினியில் உருவானவற்றையும் ஆவணம் என்றே கொள்கிறது. ஆகவே இக்கேள்வியைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

சிறிய நிறுவனமாயினும், கல்லூரியாயினும், இதழ் அலுவலகமாயினும் இதே கேள்விதான். பெயர்ப்பதற்கு முன் எண்ணுங்கள்; பெயர்த்த பின் எண்ணுங்கள்; விடுபட்டவற்றின் பட்டியலைத் தாளில் எழுதி, ஒரு பெயரும் தேதியும் இட்டுக் கையொப்பமிடுங்கள்; அதுவரை பழைய பெட்டியை மூடாதீர்கள். வீடு மாறும்போது சாமான்களைக் கணக்குப் பார்த்து வண்டியிலிருந்து இறக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த முறைதான் இது. அவர்கள் எண்ணியது அண்டா குண்டாக்களை. நாம் எண்ண வேண்டியது, நம் காலத்தைப் பற்றி நாளை யாரேனும் அறிந்துகொள்ள விரும்பினால் அவர்கள் கைக்குக் கிடைக்கப்போகும் ஒரே சான்றை.