யாரும் மூடாத ஒரு லாகின்

இன்னைக்கு எபிசோடு ஒரு பெட்ரோல் குழாயைப் பத்தினது. ஆனா அந்தக் குழாய் நின்னதுக்குக் காரணம் ஒரு பழைய லாகின்.

2021 மே 7, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனம். டெக்சாஸிலிருந்து நியூ ஜெர்சி வரை சுமார் 5,500 மைல் குழாய்கள். கிழக்குக் கடற்கரைக்குத் தேவையான எரிபொருளில் ஏறக்குறைய 45 சதவீதம் இதன் வழியாகத்தான் போகிறது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்று முன், கன்ட்ரோல் ரூம் ஊழியர் ஒருவர் திரையில் ஒரு மிரட்டல் செய்தியைப் பார்க்கிறார். பணம் கேட்டு வந்தது. டார்க்சைடு கும்பலின் வேலை.

இங்கே ஒண்ணு கவனிங்க. மாட்டியது ஆபீஸ் நெட்வொர்க்தான். ஆனால் குழாயை இயக்கும் கருவிகளுக்கும் பரவிவிடுமோ என்ற பயத்தில் நிறுவனமே மொத்தக் குழாயையும் நிறுத்தியது. தென்கிழக்கு மாநிலங்களில் பங்க்குகள் காலியாகின. பிளாஸ்டிக் பைகளில் பெட்ரோல் நிரப்பாதீர்கள் என்று ஓர் அரசு அமைப்பே எச்சரிக்க வேண்டியிருந்தது!

சரி, உள்ளே எப்படி வந்தாங்க? விசாரித்த மாண்டியன்ட் நிறுவனம் சொன்னது இது: ஏப்ரல் 29 அன்று, ஒரு விபிஎன் அக்கவுண்ட் வழியாக. அந்த அக்கவுண்டை யாரும் பயன்படுத்தவில்லை. ஆனால் யாரும் மூடவும் இல்லை. அதன் பாஸ்வேர்டு டார்க் வெப்பில் கசிந்த ஒரு பட்டியலில் இருந்தது. போனுக்கு வரும் ஓடிபி மாதிரி இரண்டாவது சோதனை எதுவும் இல்லை. பாஸ்வேர்டு சிக்கலானதுதான் என்று தலைமை அதிகாரி ஜோசப் பிளவுன்ட் செனட் கமிட்டியிடம் சொன்னார். இருக்கலாம். திருட்டுப்போன சாவி எவ்வளவு நல்ல சாவியா இருந்தா என்ன?

75 பிட்காயின், அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர், கொடுத்தார்கள். அதில் 63.7 பிட்காயினை அமெரிக்க நீதித்துறை பிறகு மீட்டது. மே 12 மாலைதான் குழாய் மறுபடி இயங்கத் தொடங்கியது.

இதுல புதுசா எதுவும் இல்லை. ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான குறைந்தபட்ச அனுமதி மட்டும் இருக்கணும் என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975லேயே எழுதிவிட்டார்கள். வேலையே இல்லாத அக்கவுண்டுக்கு எவ்வளவு அனுமதி தேவை? பூஜ்யம்.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா, ஒரு கம்பெனியை விட்டு எட்டு மாசம் கழிச்சு, வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய விபிஎன் ஐகானைத் தெரியாம அழுத்திட்டேன். கனெக்ட் ஆயிடுச்சு. உடனே துண்டித்தேன். சொன்னா என்மேலேயே சந்தேகம் வருமோன்னு ரெண்டு நாள் வாயைத் திறக்கலை. அப்புறம் பழைய டீம் லீடுக்கு போன் பண்ணினேன். "நீ போனதை ஹெச்ஆர் எங்ககிட்ட சொன்னாங்கடா. ஐடி டீமுக்கு யாரு சொல்றதுன்னு யாருக்கும் தெரியலை" என்றார். அன்னைக்கு மாலையே அக்கவுண்டை மூடினாங்க.

கலோனியலில் அந்தக் கேள்வியை மே 7க்கு முன்னாடி யாராவது கேட்டிருக்கலாம். நாளைக்கு ஆபீஸ் போனதும் நீங்க கேளுங்க: கடைசியா வேலையை விட்டவரோட லாகினை மூடியாச்சா? அடுத்த எபிசோடில் சந்திப்போம்.